மேற்கு பார்த்த கழிவறை

1

இன்று காலை எட்டு மணிக்கு ஒருவர் வந்து எங்கள் வீட்டுக் கழிவறைக் கோப்பையைக் கழற்றினார். பதினொரு மணிக்குள் அதே இடத்தில் புதியது உட்கார்ந்துவிட்டது. என்னிடம் ஒரு கையெழுத்தை வாங்கிக்கொண்டு, பழையதைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்விட்டார். நாங்கள் இரண்டு பேரும் பேசியது மொத்தம் பத்து வார்த்தை இருக்கும்.

டோர்ட்முண்ட் நகரத்தில் நாங்கள் குடியிருக்கும் இந்தக் கட்டடம் என் அத்தாவைவிட, அதாவது அப்பாவைவிட, மூத்தது. கழற்றிய கோப்பையும் பழங்காலத்துச் சரக்குதான். ஊரில் இருப்பவர்களுக்கு இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள், அந்தக் கோப்பைக்குள் ஒரு மேடை இருக்கும். போனதெல்லாம் நேராகத் தண்ணீருக்குள் போகாமல் அந்த மேடையில் வந்து தங்கும். நாம் எழுந்து, திரும்பிப் பார்த்து, சரி என்று ஒப்புதல் கொடுத்து அனுப்பி வைக்க வேண்டும். வந்த புதிதில் விதிர்த்துப்போனேன். இந்த நாட்டில் எதையும் ஒரு தடவை சரிபார்க்காமல் விட மாட்டார்கள் என்று பிறகு சமாதானம் செய்துகொண்டேன்.

அதை மாற்றப் பதினொரு வாரம் ஆயிற்று. தண்ணீர்த் தொட்டி இரவும் பகலும் ஒழுகிக்கொண்டே இருந்தது. வாடகை வீடு, நானே ஆள் கூப்பிட்டுச் செய்யக் கூடாது. நிர்வாக அலுவலகத்துக்குக் கடிதம் எழுத வேண்டும், படிவம் நிரப்ப வேண்டும், ஒருவர் வந்து படம் எடுத்துக்கொண்டு போவார், அப்புறம் மௌனம். முதல் கடிதத்தில் 'தண்ணீர் ஒழுகுகிறது' என்பதற்குப் பதிலாக 'கழிவறை ஓடிப்போகிறது' என்று எழுதிவிட்டேன். இருபத்து மூன்று வருடம் இந்த மொழியில் குப்பை கொட்டியும் இதுதான் லட்சணம். என் மகள் சுமையா அதைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு அவளே புதிதாக எழுதிக் கொடுத்தாள்.

புதிய கோப்பையில் மேடை இல்லை. வெள்ளையாக, அமைதியாக இருக்கிறது. மனைவிக்குச் சந்தோஷம். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். போன வருடம் இதே வாரம், நோன்பு பிறப்பதற்கு முன்னால், உத்திரமேரூரில் ஒரு கழிவறையை மாற்ற வைத்தேன். இங்கிருந்தபடியே, கைப்பேசியில்.

2

எங்கள் வீடு பேருந்து நிலையத்திலிருந்து பள்ளிவாசலுக்குப் போகும் தெருவில் இருக்கிறது. அத்தா கயிறும் தார்ப்பாயும் விற்றவர். மானாம்பதி, காவாந்தண்டலம் பக்கத்து விவசாயிகள் எல்லாம் அவரிடம்தான் வாங்குவார்கள். கடையைக் கைமாற்றி விட்டு ஆறு வருடம் ஆகிறது. அதற்கு முன்பே அம்மா மவுத்தாகிவிட்டார். வீட்டில் அத்தா மட்டும்தான்.

கழிவறை பின்கட்டில் தனியாக இருக்கிறது. குந்தி உட்காருகிற பீங்கான் பேசின், நாற்பது வருடப் பழசு, விரிசல் விட்டு மஞ்சளாகிப்போனது. ஒருநாள் காலை அத்தா உள்ளே போனவர் எழ முடியாமல் மாட்டிக்கொண்டார். இரண்டு முட்டியும் பூட்டிக்கொண்டுவிட்டன. சுவரில் தட்டித் தட்டி, பக்கத்து வீட்டு ஆள் கேட்டு ஓடிவந்து தூக்கிவிட அரைமணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. அவர் யாரிடமும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்தான் செங்கல்பட்டில் இருக்கும் என் அக்கா ரமீஜாவுக்குச் சொன்னார்.

அக்கா என்னைக் கூப்பிட்டு இரண்டே வாக்கியத்தில் முடித்தாள். "ஒண்ணு அந்த கக்கூஸ மாத்து, இல்லன்னா அத்தாவ நான் இங்க இட்டாந்துருவேன். நோன்புக்குள்ள சொல்லு."

அத்தாவிடம் பேசினேன். அவருக்கு அக்கா மீது பாசம் அதிகம், ஆனால் மகள் வீட்டில் போய் இருப்பது என்றால் உயிரை வாங்குகிற மாதிரி. "இந்த வூட்ட வுட்டு மட்டும் வரச் சொல்லாத தம்பி. வேற நீ இன்னா சொன்னாலும் கேக்கறேன்" என்றார். என் வயதுக்கு அவர் என்னிடம் கெஞ்சிக் கேட்டது அது ஒன்றுதான்.

ஆக, அவர் அந்த வீட்டில் இருப்பதும் இல்லாததும் ஒரு கழிவறையில் வந்து நின்றது.

3

மானாம்பதி ஏழுமலை மேஸ்திரியைப் பிடித்தேன். மூன்றே நாள் வேலை என்றார். அந்த மூன்று நாளும் அத்தாவை அக்கா வீட்டுக்கு அனுப்பினேன், வீட்டில் கழிவறை இல்லாமல் எப்படி இருப்பார்.

நான் இங்கே இயந்திர உதிரிபாகத் தொழிற்சாலையில் அளவு பார்க்கிற வேலையில் இருக்கிறேன். மில்லிமீட்டருக்குக் கீழே பார்ப்பதுதான் பிழைப்பு. அந்தத் திமிரோடு, முடியாதவர்களுக்கான கழிவறை எப்படி இருக்க வேண்டும் என்று இங்கத்திய விதிமுறைகளை எல்லாம் படித்தேன். உட்காரும் உயரம் இவ்வளவு, கைப்பிடிக் கம்பி இவ்வளவு உயரத்தில், அத்தா ஊன்றி நடக்கிற வாக்கர் திரும்ப இவ்வளவு இடம். படம் போட்டு வாட்ஸப்பில் அனுப்பினேன். ஏழுமலை பொறுமையாகப் பார்த்துவிட்டு, இன்னா பாய், கப்பல் கட்டப் போறோமா என்று கேட்டார்.

இரண்டாம் நாள் வீடியோவில் கூப்பிட்டார். பழைய பேசினைப் பெயர்த்துவிட்டார்கள். அறை குறுகலானது, நான்கடிக்கு ஆறடி. கதவு மேற்குச் சுவரில், உள்பக்கமாகத் திறக்கும். வெஸ்டர்ன் கோப்பையை வடக்குச் சுவரில் வைத்தால் கதவு வந்து அதில் இடிக்கிறது, வாக்கர் உள்ளே வராது. கதவுக்கு நேர் எதிரே கிழக்குச் சுவரில் வைத்தால் நேராக நடந்து வந்து திரும்பி உட்கார்ந்துவிடலாம், இடம் தாராளம். சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டுக் காட்டினார்.

காட்டிவிட்டுக் கேட்டார். "இப்பிடி வெச்சா குந்தறவரு மேக்கால பாத்து குந்துவாரு பாய். பரவால்லியா?"

எனக்கு உணவு இடைவேளை முடிய நான்கு நிமிடம் இருந்தது. "எந்தப் பக்கம் பாத்தா இன்னா மேஸ்திரி, வாக்கர் உள்ள வரணும். அதான் முக்கியம்" என்றேன்.

அவர் உடனே போனை வைக்கவில்லை. "இல்ல, ஒரு வார்த்த கேட்டுக்கினேன்" என்றார். நான் வாஸ்து பற்றிக் கேட்கிறார் என்று நினைத்தேன். அதெல்லாம் நாங்கள் பார்ப்பதில்லை என்று சொல்லி, சிரித்து, வேலைக்குத் திரும்பினேன்.

எங்கள் ஜனங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நாங்கள் தொழும்போது முகம் திருப்புகிற திசை கிப்லா. கழிவறையில் அந்தத் திசையைப் பார்த்தும் உட்காரக் கூடாது, முதுகைக் காட்டியும் உட்காரக் கூடாது. நடக்கப் பழகும்போதே இதையும் பழக்கிவிடுவார்கள். எங்கள் ஊரில் கிப்லா என்றால் மேற்கு. மேற்கில் கால் நீட்டிப் படுத்தால்கூட அம்மா தட்டி எழுப்பித் திருப்பிப் போடுவார்.

ஆனால் ஜெர்மனியில் கிப்லா தென்கிழக்கு. எங்கள் வீட்டில் அது பால்கனி மூலை, பூந்தொட்டி இருக்கிற இடம். இருபத்து மூன்று வருடம் அந்தப் பக்கமே திரும்பித் திரும்பி, மேற்கு என்ற சொல் எனக்கு வெறும் திசையாகப் போய்விட்டது. ஏழுமலை முருகனைக் கும்பிடுகிறவர். அவருக்கு ஞாபகம் இருந்தது.

4

நான்காம் நாள் அத்தா வீடு திரும்பினார். சாயந்திரம் கூப்பிட்டுக் கேட்டேன்.

"போயி பாத்தீங்களா? எப்டி கீது?"

"நல்லா கீது தம்பி" என்றார். "பளபளன்னு கீது."

அக்கா ஞாயிறுகளில் போய் வந்தாள். சுத்தமாக இருக்கிறது, உட்கார வசதியாக இருக்கிறது என்றாள். அவள் திசையைக் கவனித்தாளா என்று பிறகு கேட்டேன். கவனித்தாளாம். அவளுடைய அடுக்குமாடி வீட்டிலும் அப்படித்தானாம், கட்டுகிறவன் அதையெல்லாம் பார்த்தா கட்டுகிறான், பழகிவிட்டது என்றாள்.

அடுத்த ஏழு மாதமும் நல்ல செய்திதான். அத்தா விடியற்காலை சுபுஹுத் தொழுகைக்கே பள்ளிக்குப் போய்விடுகிறார், வாக்கரைத் தள்ளிக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் போய் நிற்கிறார், பாங்கு சொல்கிற மோதினாருக்கே அவர்தான் அலாரம் என்று அக்கா சொன்னாள். கடை வைத்திருந்த காலத்தில் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கே கடைசி வரிசையில் ஓடிவந்து நிற்பவர். வயதானால் மனது அந்தப் பக்கம் திரும்பும் என்று நானே வீட்டில் பெருமையாகச் சொன்னேன். தாத்தாவைப் பார் என்று பிள்ளைகளுக்கு உபதேசம் வேறு.

புரட்டாசி மழையில், விடிந்தும் விடியாத நேரத்தில், பள்ளிவாசல் பின்பக்கத்துப் படியில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்தது. காஞ்சிபுரத்தில் ஒரு மருத்துவமனையில் இரும்புத் தகடு வைத்துத் தைத்தார்கள். அங்கிருந்து அக்கா நேராகச் செங்கல்பட்டுக்கு அழைத்துக்கொண்டு போனாள். யாரும் யாரையும் கேட்கவில்லை.

5

இரண்டு வார விடுப்பில் போனேன். அக்கா வீட்டில் அத்தாவைப் பார்த்துவிட்டு, மாற்றுத்துணி எடுத்துவர உத்திரமேரூர் வீட்டைத் திறந்தேன்.

பின்கட்டுக்குப் போய் நான் கட்டிய கப்பலைப் பார்த்தேன். நான் சொன்ன அளவெல்லாம் அப்படியே இருந்தது. கைப்பிடிக் கம்பியைத் தொட்டபோது கை வழுக்கியது. கடையிலிருந்து வரும்போது சுற்றி வந்த பிளாஸ்டிக் உறை அதன்மேல் இன்னும் இருந்தது. ஒரு சுருக்கம்கூட இல்லை. முட்டி போன மனிதர் ஏழு மாதம் அந்தக் கம்பியைப் பிடிக்காமல் எப்படி எழுந்தார்?

எழவில்லை. உட்காரவே இல்லை.

இதை நான் மோதினாரிடம்தான் தெரிந்துகொண்டேன். பள்ளிக்குப் பின்னால் இருக்கிற கழிவறைகளில் ஒன்றில் வெஸ்டர்ன் கோப்பை வைத்திருக்கிறார்கள், வடக்கு பார்த்து. அத்தா அவரிடம் அதன் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டாராம். தினமும் பாங்கு சொல்வதற்கு முன்பே வந்துவிடுவாராம். வீட்டில் தண்ணீர் சரியாக வருவதில்லை என்று சொல்லியிருக்கிறார். அந்தச் சாவி அவர் விழுந்த அன்றும் சட்டைப் பையில் இருந்திருக்கிறது.

மோதினார் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. அழுகை வரும் என்று பார்த்தேன், வரவில்லை. டீ கொடுத்தார், குடித்தேன். வீட்டுக்கு வந்து துணிகளை மடித்துப் பையில் வைத்தேன். லுங்கி நான்கு, பனியன் ஆறு.

மறுநாள் அக்கா கடைக்குப் போயிருந்த நேரத்தில் அத்தாவிடம் கேட்டேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று.

அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வேல பண்றப்ப மேஸ்திரி உன்ன கேட்டுதான் வெச்சாராம். எனுக்கு சொன்னாரு."

"ஆமா. கேட்டாரு."

"அப்பறம் நான் இன்னான்னு கேக்கறது? ஏன்டா இப்டி வெச்சேன்னு கேட்டா, மறந்துட்டேன் அத்தான்னு நீ சொல்லுவ." போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். "அத நான் காதால கேக்க வேணாம்னுதான் தம்பி."

கால் பிடித்துவிடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்.

6

ஏழுமலையைக் கூப்பிட்டேன். வந்து பார்த்துவிட்டு, கோப்பையைப் பெயர்த்து வடக்குச் சுவருக்குக் கொண்டுபோக ஒரு நாள், கதவைக் கழற்றி வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாட்ட அரை நாள் என்றார். வெளியே திறந்தால் எதிலும் இடிக்கவில்லை, வாக்கரும் வருகிறது. அவ்வளவுதான் விஷயம். எல்லா விதிமுறையும் படித்த எனக்கும் கதவைத் திருப்பலாம் என்று தோன்றவில்லை.

"அன்னிக்கே வேணாம்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா கதவ மாத்தியிருப்பேன் பாய்" என்றார். குத்திக்காட்டவில்லை, வருத்தத்தோடுதான் சொன்னார்.

ஒன்றரை நாளில் முடித்துக் கொடுத்தார். தெற்கு பார்த்த கோப்பை. பிளாஸ்டிக் உறையை நானே கிழித்துக் கம்பியைத் துடைத்தேன். படம் எடுத்துக்கொண்டு போய் அத்தாவிடம் காட்டினேன். கைப்பேசியை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். பெரிதாக்கிக் காட்டச் சொல்லி, வெள்ளை சிமெண்ட் பூசியதைக்கூடப் பார்த்தார்.

"நல்லா கீது" என்றார். இந்தத் தடவை அது நிஜம்.

ஆனால் அக்கா அசையவில்லை. தகடு வைத்த இடுப்போடு தனியாக விடவே மாட்டேன், அந்தப் பேச்சை எடுத்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும் என்றாள். மருத்துவரும் அதையேதான் சொன்னார். மச்சான் நல்ல மனிதர், அவரும் தலையை ஆட்டினார். பன்னிரண்டு மணி நேரத்தில் விமானம் ஏறப்போகிற எனக்குச் சொல்ல என்ன இருக்கிறது? பார்த்துக்கொள்ள நான் வருகிறேன் என்று சொல்கிற தகுதி இருந்தால்தானே வாயைத் திறக்கலாம். உத்திரமேரூர் வீட்டைப் பூட்டிச் சாவியை அக்காவிடம் கொடுத்தேன்.

கிளம்புகிற அன்று அக்கா வீட்டுக் கழிவறைக்குப் போனேன். உட்கார்ந்த பிறகுதான் யோசித்தேன். ஜன்னல் வழியாகச் சாயந்திர வெயில் நேராக முகத்தில் அடித்தது.

வெளியே வந்து அத்தா பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாகக் கேட்டேன். இங்கேயும் மேற்கு பார்த்துத்தானே இருக்கிறது, இங்கே என்ன செய்கிறீர்கள் என்று.

சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இது மாப்பிள்ள வூடு தம்பி. நாம ஒண்ணும் சொல்லக் கூடாது." பிறகு, நான் கவலைப்படுவேன் என்று நினைத்திருப்பார். "கொஞ்சம் ஒருக்களிச்சாப்புல திரும்பி குந்திக்கறேன். பரவால்ல, ஆவுது."

7

இன்று அந்த ஆள் புதிய கோப்பையை மாட்டிவிட்டுப் போனதும், கைப்பேசியில் திசைகாட்டியைத் திறக்கத் தெரியாமல் திண்டாடிக்கொண்டிருந்தேன். சுமையா வாங்கித் திறந்து கொடுத்தாள். பதினாறு வயது. என்னை பாப்பா என்றுதான் கூப்பிடுகிறாள், இந்த ஊரில் அப்பாவை அப்படித்தான் அழைப்பார்கள். எதற்கு என்று கேட்டாள், சொன்னேன். கோப்பைக்கு முன்னால் நின்று கைப்பேசியைப் பிடித்துப் பார்த்தாள்.

"நேரா பால்கனி மூலையைத்தான் பாக்குது பாப்பா" என்றாள். "நீ தொழுவியே, அதே கோடு."

பழையதும் இதே இடத்தில்தான் இருந்தது. இந்த வீட்டுக்கு வந்து பதினான்கு வருடம். நிர்வாக அலுவலகத்துக்கு எழுதி இதைத் திருப்பி வைக்கச் சொல்லலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். படிவத்தில் காரணம் என்று ஒரு கட்டம் இருக்கும்.

மத்தியானம் அத்தா கூப்பிட்டார். வழக்கமாக நான்தான் கூப்பிடுவேன். வேலை முடிந்ததா என்று விசாரித்தார், தண்ணீர் நன்றாக வருகிறதா என்றார், நோன்புக்கு லீவு உண்டா என்றார். அப்புறம் சாதாரணமாகக் கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

"எந்தப் பக்கம் பாத்து வெச்சிக்கிறான்?"

சுமையா பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

"வடக்கு அத்தா" என்றேன். "நல்லா கீது."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார். பிறகு அக்கா சாப்பிடக் கூப்பிடுகிறாள் என்று சொல்லி வைத்துவிட்டார்.

சுமையா கேட்டாள், வடக்கு என்றால் எது என்று. சமையலறை ஜன்னலைக் காட்டினேன். அவள் ஜன்னலைப் பார்த்தாள், கழிவறைப் பக்கம் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். தன் அறைக்குப் போய்விட்டாள்.

நான் கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டேன். புதிய கோப்பையில் அத்தா சொன்ன மாதிரி ஒருக்களித்து, பால்கனிப் பக்கம் முகமோ முதுகோ நேராகப் படாமல் திரும்பி உட்கார்ந்தேன். ஒரு தொடை விளிம்பில் நிற்கிறது. முழுப் பாரமும் ஒரு பக்க இடுப்பில் இறங்குகிறது. பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை, சுவரில் கை ஊன்றிக்கொண்டேன்.

ஐந்து நிமிடத்தில் எனக்கு இடது கால் மரத்துவிட்டது. அத்தாவுக்கு எண்பத்தொரு வயது. தகடு வைத்ததும் இடது பக்கம்தான்.